கூஸ் பொம்மை டஜன் 500 டாலரா?

கே: முதல்முறையாக கனடா கூஸ் என்ற காட்டு வாத்து வேட்டைக்குப் போகிறேன். பறக்கும் கூஸை ஏமாற்றி இறக்க வயலில் வைக்கும் பொம்மை கூஸ் ஒரு டஜன் 500 டாலராம். வீட்டில் செய்யலாமா? (கிச்சனர்)

தாராளமாகச் செய்யலாம். விளம்பரத் தட்டிக்குப் பயன்படும் கோரோபிளாஸ்ட் என்ற பிளாஸ்டிக் அட்டை, 4 மில்லிமீட்டர் தடிப்பில், 4 அடிக்கு 8 அடித் தாள் ஒன்று வாங்குங்கள். எனக்கு ஒரு தாளில் எட்டு கூஸ் வந்தது. தாளுக்குள் ஓடும் குழல்கள் மேலும் கீழுமாக இருக்கும்படி வரைந்து வெட்டுங்கள். அப்போதுதான் அடியில் கம்பியைச் செருகி மண்ணில் ஊன்றலாம். பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மினுக்கம் இல்லாத பெயின்ட் பூசுங்கள். உடல் சாம்பல் கலந்த பழுப்பு, கழுத்து கறுப்பு, கன்னத்தில் வெள்ளைப் பட்டை. எல்லாவற்றையும் ஒரே திசை பார்த்து நிறுத்தாதீர்கள். வட்டமடிக்கும் பறவைக்குத் தட்டை உருவம் ஒரு கோணத்தில் தெரியும், அடுத்த கோணத்தில் மறையும். மேலிருந்து பார்த்தால் கூட்டம் நடமாடுவதுபோல இருக்கும்.

கே: தேர்தல் தட்டிகள் சாலையோரம் சும்மா நிற்கின்றன. பிடுங்கிக்கொள்ளலாமா?

கூடாது. வேட்பாளரின் பொருள் அது. அவரது அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

கே: ஸ்டைரோஃபோமில் செதுக்கி ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன், கழுத்து கரைந்துவிட்டது. கடை பணம் தர மறுக்கிறது.

ஏன் தர வேண்டும்? ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். முதலில் ஒரு துண்டில் அடித்துப் பார்த்திருக்கலாம். தண்ணீரில் கலக்கும் லேட்டக்ஸ் பெயின்டைத் தூரிகையால் பூசுங்கள்.

கே: இணையக் கடையில் "மினுக்கமற்றது" என்று 12 பொம்மை வாங்கினேன். பளபளக்கின்றன, தலையும் இல்லை. தலைக்குத் தனி விலையாம். (விண்ட்சர்)

உங்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. படத்தில் தலையோடு நிறுத்திவிட்டு, தலை தனி என்பதை அடியில் பொடி எழுத்தில் ஒளிப்பது ஏமாற்று வேலை. நானும் இப்படி ஒரு டஜன் வாங்கினேன். விடியலில் பனி ஈரம் பட்டு முதுகெல்லாம் கண்ணாடியாய் மின்னியது. இறங்க வந்த கூட்டம் அப்படியே திரும்பிப் போனது. விற்றவர் என் மூன்று கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள், பெட்டியையும் எறியாதீர்கள். ஒன்ராறியோவில் பொய்யான வர்ணனை முறையற்ற வணிகம்; ஓராண்டுக்குள் எழுத்தில் ரத்துச் செய்யலாம். அப்புறம் கிரெடிட் கார்ட் வங்கியிடம் முறையிடுங்கள். விடாதீர்கள்.

கே: உயிருள்ள கூஸையே கட்டிவைத்தால்?

சட்டவிரோதம். அமெரிக்காவில் 1935-லேயே தடை, கனடாவிலும் தடை.

கே: கையில் காசே இல்லை, என்ன வழி?

வட கனடாவில் ஜேம்ஸ் விரிகுடாவின் கிரீ பழங்குடி மக்கள் டமராக் மரச் சுள்ளிகளைக் கட்டியே கூஸ் செய்தவர்கள். டெக்சஸ் நெல்வயல்களில் வெள்ளைத் துணியை விரித்தே வெள்ளை நிறப் பனிக்கூஸை இறக்கினார்கள். ஆனால் அந்தத் துணி பனிக்கூஸுக்குத்தான். நீங்கள் தேடுவது கனடா கூஸ் என்றால் சுள்ளி பொறுக்குங்கள்.