காலண்டரில் வராத தெரு

அன்புள்ள சார்,

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஒரு ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். உள்ளூர் ஓவியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வைத்தது. மலைகள், வாலாங்குளம், டவுன்ஹால் கடைவீதி, மழையில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் என்று பெரும்பாலும் இயற்கைக் காட்சிகளும் நகரக் காட்சிகளும். எனக்குப் பிடித்திருந்தது. கூட வந்த நண்பர், "இதையெல்லாம் செல்போனே எடுத்துவிடுமே, இந்தக் காலத்தில் போய் எதற்கு வரைய வேண்டும்? நவீன ஓவியம் எங்கேயோ போய்விட்டது" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நிலக்காட்சி வரைவது உண்மையிலேயே பழைய சமாச்சாரமா? இன்ன உருவம் என்று சொல்ல முடியாத சில அரூப ஓவியங்களுக்குக் கீழே 'தலைப்பில்லை' என்று போட்டிருந்தது. அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு சின்ன நீர்வண்ண ஓவியத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய் விலை. கொஞ்சம் அதிகம் இல்லையா? என் மகள் நன்றாக வரைகிறாள், மூன்றாம் வகுப்பு. டிராயிங் கிளாஸில் சேர்க்கலாமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரு ஓவியர், இந்த வருடம் குழுக் கண்காட்சியில் சேரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். கொள்கைச் சண்டை ஒன்றும் இல்லை. ஃபிரேம் போடக் காசில்லை.

முதலில் உங்கள் நண்பர். அவர் சொல்லும் நவீன ஓவியம் தமிழ்நாட்டில் எப்படிக் கிளம்பியது என்று தேடிக்கொண்டு போனால் உங்கள் ஊருக்கே திரும்பி வரவேண்டியிருக்கும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் பிறந்தது கோயம்புத்தூரில். தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். எழுத்தும் கட்டமும் ஜாதகக் குறிகளும் நிறைந்த அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத்தான் இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அது 1963-க்குப் பிறகு. அதற்கு முன் பல வருடங்கள் அந்த மனிதர் தென்னையையும் கால்வாயையும் வெயிலையும் வரைந்துகொண்டிருந்தார். பெயர் கிடைத்ததே அந்த நிலக்காட்சிகளால்தான். அந்த வெயில் இல்லாமல் பிற்பாடு அந்தக் கட்டங்கள் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. உங்கள் நண்பர் நம்பினால் நம்பிக்கொள்ளட்டும்.

செல்போன் எடுக்கும்தான். எடுத்தாரா என்று அவரிடம் கேளுங்கள். வாலாங்குளத்தை அவர் எப்போதாவது எடுத்திருந்தால் முக்கால்வாசிப் படத்தை அவர் முகமே அடைத்துக்கொண்டிருக்கும்.

தலைப்பில்லாத ஓவியங்களை விடுங்கள். பிடித்தால் கொஞ்சம் நில்லுங்கள், பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போங்கள். புரியவில்லை என்றால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. மகளை இப்போதைக்கு எந்த வகுப்பிலும் சேர்க்க வேண்டாம். பேப்பர் வாங்கிக் கொடுங்கள், நிறைய.

விலை விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

எந்தக் கணக்கில் அது அதிகம்? நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்திக் காகிதம் வேண்டும். மட்டக் காகிதம் இரண்டாவது வாஷுக்கே, அதாவது தண்ணீராகக் கரைத்த வண்ணத்தின் இரண்டாவது பூச்சுக்கே, நைந்து எழும்பிவிடும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதமேதான். மேகத்தின் ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் வேண்டுமென்றால் அந்த இடத்தை முதலிலேயே விட்டுவைத்திருக்க வேண்டும். கை தவறினால் அழிக்க முடியாது, கிழிக்கத்தான் வேண்டும். ஆடிக் காற்றில் குளக்கரையில் உட்கார்ந்து வரைகிறவனுக்கு, தூரிகையை எடுத்து அடுத்த இழுப்பு இழுப்பதற்குள் முதல் வாஷ் காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது. சுவரில் தொங்கும் ஒன்றுக்குப் பின்னால் குப்பைக்குப் போன பல தாள்கள் இருக்கின்றன. அப்புறம் மவுண்ட், கண்ணாடி, சட்டம். வண்டி வாடகை. ஹால் வாடகை. குழுக் கண்காட்சி என்று ஒன்று நடப்பதே பெரும்பாலும் இந்த வாடகையைப் பங்குபோடத்தான். கடைசி நாள் சாயங்காலம் விற்காத படங்களை பெட்ஷீட்டில் சுற்றி அதே வண்டியில் திரும்ப ஏற்றுவார்கள். அந்த வண்டிக்கும் காசு உண்டு.

நீங்கள் வீடு கட்டியபோது ஃபால்ஸ் சீலிங்குக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? அதைப் போட்டவரிடம், "ஒரு பலகைக்கு இவ்வளவா?" என்று கேட்டு ஊருக்கெல்லாம் கடிதம் எழுதினீர்களா? உங்கள் ஹால் சுவரில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்காமலே சொல்கிறேன். ஏழு வெள்ளைக் குதிரைகள் ஓடிவரும் பிரிண்ட். வாஸ்துக்காக மாட்டியது. இல்லையென்றால் சந்தோஷப்படுவேன்.

எனக்கு இந்தப் பிடிவாதம் வந்தது பெரியப்பாவிடமிருந்து. அவர் சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருந்தார். கடைக்கு போர்டு எழுதிய ஆர்ட்டிஸ்ட் ஒருவர் உண்டு, நாங்கள் அண்ணாச்சி என்போம். போர்டு எழுதி மிஞ்சிய எனாமல் பெயிண்டை வைத்து ஹார்ட்போர்டு துண்டுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவை வரைந்துகொண்டிருப்பார். ஒருநாள் அதில் ஒன்றைப் பெரியப்பா அறுபது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு அது அரை மூட்டை அரிசிக் காசு. ஜின்னிங் ஃபாக்டரி முன்னால் பருத்தி வண்டிகள் வரிசையாக நிற்கும் படம். ஓவியமாகப் பார்த்தால் சுமார்தான். மாடுகளின் பின்னங்கால்கள் யானைக்கால் மாதிரி இருக்கும். வானம் எங்கள் உரக்கடை போர்டின் அதே நீலம். ஆனால் வேப்பமரத்தடி சலூனில் துண்டு காயப்போட்டிருப்பது வரைக்கும் இருக்கும்.

என் அப்பாவுக்குத் தாங்கவில்லை. "காலண்டர் சும்மாவே தாரான், இதுக்குப் போயி அறுவது ரூவாயா?" என்று அண்ணனிடம் சண்டைக்குப் போனார். பெரியப்பா ஆணி அடித்துக்கொண்டே, "காலண்டர்ல நம்ம தெரு வருமாடே?" என்றார்.

வராது. காலண்டரில் சுவிட்சர்லாந்து வரும், முருகன் வருவார். பிற்பாடு அந்தத் தெருவை அகலப்படுத்தினார்கள். சலூனும் வேப்பமரமும் போயின. அப்போதெல்லாம் போட்டோ என்றால் கல்யாணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும்தான், தெருவை எடுக்க யார் ஃபிலிம் செலவு செய்வார்கள்? சலூன்காரரின் பேரன் எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து அந்தப் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். அண்ணாச்சிக்கு இது தெரியாது. ஃப்ளெக்ஸ் வந்து போர்டு வேலை நின்றபின் அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார். பெரியப்பாவைத் தவிர அவரிடம் படம் வாங்கியவர் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பணிக்கரும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் 1966-ல் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்த கதையை ஏதோ ஆசிரமம் தொடங்கியதுபோல எழுதுகிறார்கள். படித்துவிட்டு வெளியே வந்த ஓவியனுக்கு மதராஸில் சோறில்லை என்பதுதான் அதன் தொடக்கம். மெழுகு தடவிச் சாயமேற்றும் பத்திக் துணி போட்டு விற்று, அந்தக் காசைச் சேர்த்துக் கடற்கரை மணலில் நிலம் வாங்கினார்கள். மூளையும் கையும் அத்தனை தேர்ந்தவர்கள் துணிக்கு மெழுகு தடவ வேண்டியிருந்தது. ஊர் துணியை வாங்கியது, படத்தை வாங்கவில்லை.

பாரிஸில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1874-ல் மோனே, ரெனுவார், பிசாரோ முதலான ஓவியர்கள் சேர்ந்து முதல் குழுக் கண்காட்சி வைத்தபோது பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். அந்த ஓவியர்கள் வரைந்ததும் ஆற்றங்கரை, ரயில் நிலையம், கடைவீதிதான். குஸ்தாவ் கய்பாத் என்று ஒருவர் அந்தக் குழுவில் பிற்பாடு சேர்ந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை, அவரும் ஓவியர். மழையில் நனைந்த பாரிஸ் தெருவை 1877-ல் வரைந்தாரே, அவர்தான். நண்பர்களின் படங்களை யாரும் சீண்டாத காலத்தில் விலைகொடுத்து வாங்கிக்கொண்டே இருந்தார். 1894-ல் இறந்தபோது அறுபதுக்கு மேற்பட்ட படங்களை அரசுக்கு எழுதிவைத்தார். அரசு ஏகப்பட்ட முணுமுணுப்புக்குப் பிறகு நாற்பதைப்போல எடுத்துக்கொண்டது. மோனேயின் புகைமண்டிய சான்-லசார் ரயில் நிலையம் இன்று பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருப்பது அப்படி வந்துதான்.

நீங்கள் பார்த்த கண்காட்சியிலும் கும்பகோணத்துக் கோபுரம், திண்ணையில் மூக்குத்திப் பாட்டி, தாமரைக்குளம் என்று நாலைந்து இருந்திருக்குமே? இருந்தே தீரும். கோவைக்காரன் ஏன் கும்பகோணத்தை வரைகிறான் என்று எனக்கும் எரிச்சல்தான் வரும். அவிநாசி சாலையின் தலைக்கு மேல் பத்து கிலோமீட்டருக்கு ஒரு பாலம் ஓடுகிறது, அதன் அடியில் மத்தியானத்தில் விழும் நிழலை வரைய ஆளில்லை. சங்கு ஊதாமல் நிற்கும் மில் புகைபோக்கியை வரைய ஆளில்லை. ஆனால் அவனைத் திட்டி என்ன பயன்? ஓவியம் வாங்குவது ரிசார்ட்டுகாரரும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவரும். அவர்களுக்குக் கோபுரம் வேண்டும். மில் புகைபோக்கியைத் தன் வீட்டில் மாட்ட நினைக்கக்கூடியவர் உங்கள் ஊர்ப் பீளமேட்டுக்காரர் ஒருவர்தான். அவர் வந்து சுற்றிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, விருந்தினர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விலை அதிகம் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறார்.

கண்காட்சி இன்னும் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். நண்பரை விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஒன்பதாயிரம் ரூபாய் படத்தின் மூலையில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் யாரோ முந்திக்கொண்டார்கள் என்று பொருள். இல்லையென்றால் பேரம் பேசாமல் கேளுங்கள். இரண்டு மூன்று தவணை என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நேர் வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம், நீர்வண்ணம் வெளுத்துவிடும். ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம், காகிதத்தில் பூஞ்சைப் புள்ளி விழும். குதிரைகள் இருக்கும் இடம் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.