“நான் சொல்லித்தானே எல்லோரும் வாங்கினார்கள்?”

கேள்வி: நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. பதினோரு ஆண்டுகளாக ஒரே கம்பெனியின் போனைத்தான் வைத்திருக்கிறேன். இப்போது இருப்பது நான்காவது. என் பேச்சைக் கேட்டு நாத்தனார், கொழுந்தனார் குடும்பம், மாணவிகளின் பெற்றோர் என்று பலரும் அதையே வாங்கினார்கள். சென்ற மாதம் புதிய மாடல் வாங்கி வந்து பிரித்தால் பெட்டியில் சார்ஜர் இல்லை. போனில் இயர்போன் செருகும் துளை இல்லை, மெமரி கார்டு போட இடமும் இல்லை. மறைந்த என் குரு எனக்கு நடத்திய பாடங்கள் முழுவதும் அந்தக் கார்டில்தான் இருக்கின்றன. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் புளூடூத் இயர்போன் மாட்டிக்கொண்டு வகுப்பெடுத்தால் அவர்கள் குரல் மங்கலாகக் கேட்கிறது. பழைய போனைக் கணவருக்குக் கொடுத்தேன். ஓர் அப்டேட் வந்த பிறகு அதில் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில், “பழைய போன்தானே, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்” என்றார்கள். இத்தனை நாள் நம்பியது என் அறியாமையா? கொழுந்தனார் மகள் கல்லூரியில் சேரப் போகிறாள். எந்த போன் வாங்குவது என்று மறுபடியும் என்னைத்தான் கேட்கிறார்கள். என்ன சொல்வேன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஓர் அவசர வேலை இருக்கிறது. குருவின் பாடங்கள் ஒரே ஒரு மெமரி கார்டில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. மெமரி கார்டு முன்னறிவிப்பே இல்லாமல் ஒருநாள் செத்துப்போகும். இன்றே ஒரு கார்டு ரீடர் வாங்கி, எல்லாப் பதிவுகளையும் ஒரு கணினியிலும் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கிலுமாக இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். ஒரு விஷயத்தில் கவனம் தேவை. அந்தக் கார்டைப் பழைய போனின் உள் சேமிப்போடு இணைத்து வைத்திருந்தால், வெளியே எடுத்து வேறு எதில் போட்டாலும் அது திறக்காது. அப்படியென்றால் கார்டை எடுக்காமல், போனையே கேபிள் மூலம் கணினியுடன் இணைத்துப் படியெடுக்க வேண்டும். கணவருடைய போனை யாராவது ‘ரீசெட்’ செய்து, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல ஆக்கிப் பார்க்கலாம் என்று கிளம்புவதற்கு முன் இது முடிந்துவிட வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அறியாமை என்ற சொல்லை உங்கள் மேல் நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். 2016 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோன் 7இல் இயர்போன் துளையை எடுத்தபோது, மற்றக் கம்பெனிகள் அதைத் தங்களுக்கு வாய்ப்பாகத்தான் பார்த்தன. அடுத்த மாதமே கூகுள் தன் முதல் பிக்சல் போனை விளம்பரப்படுத்தும்போது, எங்கள் போனில் துளை இருக்கிறது என்பதையும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டது. ஒரே ஆண்டில் பிக்சல் 2 துளை இல்லாமல் வந்தது. சாம்சங் 2017இல் ஆப்பிளைக் கிண்டல் செய்து விளம்பரமே எடுத்தது. 2019இல் நோட் 10இல் தானும் துளையை மூடிவிட்டு அந்த விளம்பரத்தை நீக்கியது. அதே சாம்சங் 2015இல் கேலக்ஸி எஸ்6 மாடலில் மெமரி கார்டு இடத்தை எடுத்தது. வாடிக்கையாளர்கள் விடாமல் முறையிட, 2016இல் எஸ்7இல் அது திரும்பி வந்தது. 2021இல் எஸ்21இல் மறுபடியும் போய்விட்டது. விளம்பரத்தில் சொன்ன கம்பெனியே ஓரிரு ஆண்டுகளில் மாறும்போது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதது எப்படி உங்கள் குற்றமாகும்?

சார்ஜர் கதையும் இப்படித்தான். ஐபோன் 12 வந்த 2020 அக்டோபரில் ஆப்பிள் பெட்டியில் சார்ஜர் வைப்பதை நிறுத்தியது. மின்னணுக் குப்பை குறையும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை, நம் வீடுகளில் பழைய சார்ஜர்கள் குவிந்துதான் கிடக்கின்றன. ஆனால் வேகமாகச் சார்ஜ் ஏற்றும் போனை விற்றுவிட்டு, அதற்கேற்ற சார்ஜரைத் தனி விலைக்கு வைப்பதைச் சுற்றுச்சூழல் அக்கறை என்று என்னால் ஏற்க முடியவில்லை. பிரேசில் அரசும் ஏற்கவில்லை. 2022 செப்டம்பரில் சார்ஜர் இல்லாத ஐபோன்களின் விற்பனைக்குத் தடை போட்டு, 1.2 கோடி ரியாலுக்கும் மேல் அபராதம் விதித்தது.

உங்கள் வகுப்புப் பிரச்சினைக்குத் தீர்வு இருக்கிறது. குரல் மங்கிக் கேட்பது உங்கள் காதின் பிரமை இல்லை. புளூடூத் இயர்போனில் பாட்டை மட்டும் கேட்கும்போது ஒலி நன்றாகவே வரும். அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கியதும் பெரும்பாலான கருவிகள் தொலைபேசி உரையாடலுக்கான முறைக்கு மாறிவிடும். அப்போது ஒலியின் தரம் இறங்கிவிடுகிறது. குழந்தை பாடும் கமகம் சரியா, சுருதி சேர்ந்ததா என்று கேட்டுத் திருத்த வேண்டிய உங்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரிகிறது. இதற்கு மேல், ஒலி சற்றுப் பிந்தியும் வரும். இணையத்தில் ஏற்கெனவே இருக்கும் தாமதத்தோடு இதுவும் சேர்ந்தால் தாளம் போட்டுக் காட்டுவதே கஷ்டம். ஆகவே கம்பி இயர்போனை விடாதீர்கள். போனில் சார்ஜ் ஏற்றும் யுஎஸ்பி சி துளையில் செருகி, மறுமுனையில் பழைய இயர்போனைப் போடும் சிறிய இணைப்பான் கடைகளில் கிடைக்கிறது. எண்களாக வரும் ஒலியைக் காதுக்கு ஏற்ற ஒலியாக மாற்றும் சில்லு அதற்குள்ளேயே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். சில்லு இல்லாத மலிவான ரகம் பல போன்களில் வேலையே செய்யாது. ஒன்றரை மணி நேர வகுப்பென்றால் சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்க வேண்டியிருக்கும். அதற்கு இரட்டைத் துளை உள்ளதாகப் பாருங்கள். கடையிலேயே உங்கள் போனில் செருகி, மைக்கும் வேலை செய்கிறதா என்று பேசிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கணவருடைய போன் விஷயத்தை நான் வேறு கணக்கில் வைக்கிறேன். துளை இல்லை, கார்டு இடம் இல்லை என்பது நமக்குப் பிடிக்காத முடிவு. ஆனாலும் விவரக்குறிப்பில் சொல்லித்தான் விற்றார்கள், அதைக் குறைபாடு என்று வழக்காட முடியாது. நன்றாக ஓடிய பொருள் கம்பெனி அனுப்பிய அப்டேட்டால் கெடுவது அப்படியில்லை. 2017 டிசம்பரில் என்ன நடந்தது என்பதை நினைத்துப்பாருங்கள். பழைய ஐபோன்கள் மெதுவாகின்றன என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் சந்தேகப்பட்டார்கள். பேட்டரி தேய்ந்த போன்கள் திடீரென அணையாமல் இருக்க மென்பொருள் மூலம் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் கடைசியில் ஒப்புக்கொண்டது. மன்னிப்புக் கேட்டு, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராக்கியது. 2020இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. பேட்டரி மாற்றிய பலருக்கு அதே போன் பழைய வேகத்துக்குத் திரும்பியது.

அதனால் முதலில் போனின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) போய், எந்தச் செயலி சார்ஜைத் தின்கிறது என்று பாருங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பின் இரண்டு மூன்று நாள் அப்படித்தான் இருக்கும். மாதக் கணக்கில் நீடித்தால் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பேட்டரி மட்டும் மாற்றுவது புதிய போனைவிட எவ்வளவோ மலிவு. வாய்ப்பேச்சாக “புதிதாக வாங்குங்கள்” என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். போனைப் பழுதுபார்க்க வாங்கியதற்கான சீட்டு, அதாவது ஜாப் ஷீட் போடச் சொல்லி, அவர்கள் சொல்வதை அதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை தொடங்கியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது துளையோ சார்ஜரோ அல்ல, நீங்கள் சொல்லித்தான் அத்தனை பேரும் வாங்கினார்கள் என்ற அந்தக் குற்ற உணர்வு. அன்றைக்கு அந்த போன் நன்றாக இருந்தது, இருந்ததைச் சொன்னீர்கள். நாத்தனாருக்கும் அந்த போன் சில ஆண்டுகள் உழைத்திருக்கும். அந்தச் சொல்லில் பொய் எதுவும் இல்லை. அடுத்த போனுக்கும் அதே சொல் பொருந்தும் என்று கம்பெனியின் பெயரை வைத்து எண்ணியதுதான் சறுக்கல். பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரம்போல ஒரே பெயர் தலைமுறை தாண்டி நிற்கும் தொழில் இது இல்லை. இங்கே ஒவ்வொரு மாடலும் புதுச் சரக்கு. அதை விற்கும் கம்பெனிக்கு நீங்கள் பதினோரு ஆண்டு உடன் இருந்தது நினைவில் இருக்காது. ஆகவே அந்த விசுவாசத்தை இனி அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. விட்டுப் போகிறேன் என்று கோபத்தில் இந்தப் புதிய போனை அரை விலைக்குத் தள்ளிவிடவும் வேண்டாம். நஷ்டம் உங்களுக்குத்தான்.

கொழுந்தனார் மகளுக்கு நீங்கள் போன் பெயர் எதையும் சொல்லாதீர்கள். அவளை வீட்டுக்கு வரச் சொல்லி, அவளுக்கு எதற்கெல்லாம் போன் வேண்டும் என்று கேளுங்கள். எத்தனை ஆண்டு அப்டேட் தருவோம் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். 2023இல் பிக்சல் 8க்குக் கூகுளும், 2024இல் எஸ்24க்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டு தருவதாக அறிவித்தன. மலிவான பல மாடல்களில் அது குறைவாக இருக்கும். பெட்டியில் என்னென்ன இருக்கின்றன, அவள் படிக்கப் போகும் ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரிக்கட்டும். உங்களுக்கு நடந்ததை அப்படியே அவளிடம் சொல்லுங்கள். அவள் வரும் நாளில், அந்தப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் உங்களுக்கு உதவி செய்யவும் சொல்லலாம்.