திருகோணமலைக் கடலில் எண்ணெய்க் கப்பல் கசிந்தால் நட்டஈடு யார் தருவது?

சீனக்குடாவுக்கு வரும் எண்ணெய்க் கப்பல் கசிந்தால் கரைவலைக்காரருக்கு யார் பணம் தருவார் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கப்பல் உரிமையாளர்தான். கப்பல் எண்ணெய்க் கசிவுச் சேதத்துக்கான 1992 சர்வதேசப் பொறுப்பு உடன்படிக்கைப்படி அவருடைய பிழையை நாம் நிரூபிக்கத் தேவையில்லை. 2,000 தொன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பலுக்குக் காப்புறுதியும் கட்டாயம். அது போதாவிட்டால், எண்ணெய் பெறும் கம்பனிகளின் பணத்தில் நடக்கும் சர்வதேச நிதியம் ஓர் உச்சவரம்பு வரை தரும். இலங்கை இரண்டிலும் சேர்ந்திருக்கிறது.

கசியாமல் பார்ப்பதுதான் பெரிய காரியம். 2020இல் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் இலங்கையின் கிழக்குக் கடலில் எரிந்தபோது, தீ எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பரவாததால் 2.7 லட்சம் தொன் மசகெண்ணெய் தப்பியது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: எண்ணெய் பட்ட வலையை எறியாமல் படம் எடுங்கள். கசிவுக்கு முன்னர் மீன் விற்ற பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்; வருமானம் குறைந்ததை அவைதான் காட்டும். சேதம் ஏற்பட்டு 3 வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போய்விடும்.