அந்தக் கொழிஞ்சியை அழித்துவிடாதீர்கள்

கேள்வி: எங்களுடையது ஒருபோக நெல் வயல். மாசியில் அறுவடை முடிந்த கையோடு, பசுந்தாள் உரத்துக்காகக் கொழிஞ்சி விதைத்தேன். பாதிதான் முளைத்தது. சித்திரை வந்தும் சாண் உயரம் தாண்டவில்லை. உழுதுவிட்டுத் தக்கைப்பூண்டு போடலாமா?
— ஒரு வாசகர், மேலூர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். தக்கைப்பூண்டு 45 நாளில் மடக்கி உழும் பதத்துக்கு வந்துவிடும், சரி. ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டுமே! உங்கள் வாய்க்காலுக்குப் பெரியாறு தண்ணீர் வரப் புரட்டாசி ஆகிவிடும். அதுவரை வெயிலைத் தாங்கி நிற்பது கொழிஞ்சிதான். அறுவடைக்கு அப்புறம் ஊர் ஆடுமாடெல்லாம் வயலில்தான் மேய்கின்றன. சணப்பு என்ற இன்னொரு பசுந்தாள் பயிரைப் போட்டால் மிஞ்சாது. கொழிஞ்சியை அவை சீண்டுவதில்லை.

வளரவில்லை என்று நினைக்காதீர்கள். முதலில் அது வேரைத்தான் இறக்கும். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள், லேசில் வராது. ஒரு கோடை மழை விழுந்த பிறகு மண்வெட்டியால் தோண்டி எடுத்தால் பக்கவேர்களில் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

முளைக்காத விதைகளும் வீணாகவில்லை. தோல் கெட்டி என்பதால் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, அவ்வளவுதான். அடுத்தடுத்த மழைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டும். இனி விதைக்கும்போது ஏக்கருக்கு 8 கிலோ எடுத்து, ஆற்று மணலோடு உரலில் போட்டு லேசாக இடியுங்கள். தோல் கீறினால் போதும், பருப்பு உடையக் கூடாது. 55 டிகிரி வெந்நீரில் 2 நிமிடம் போட்டு எடுத்தாலும் சரிதான்.

பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவது நல்லது. தண்டு கட்டையாகிவிட்டால் மட்க நாளாகும். சில செடிகளை மட்டும் காய்த்து உதிர விட்டுவிடுங்கள். தானே முளைத்து வரும், வருடா வருடம் விதை வாங்கும் செலவு இல்லை.

கேள்வி: அழகர்கோவில் சாலையோரம் நிற்பது கொழிஞ்சியா, அவுரியா? விதை எடுக்கலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: சிற்றிலை ஒன்றின் நுனியைப் பிடித்து இழுங்கள். அம்பின் வால்போல ‘வி’ வடிவில் பிய்ந்து வந்தால் கொழிஞ்சி. காயையும் பாருங்கள்: கொழிஞ்சிக் காய் தட்டை, அவுரிக் காய் உருட்டு. கொழிஞ்சிதான் என்றால் தாராளமாக எடுங்கள். காய் பழுத்து நிறம் மாறியதும் பறித்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்தால் வெடித்துச் சிதறிவிடும்.