டேபிள் சா பாதி அறுப்பில் நின்றுவிடுகிறது, பலகை ஓரமும் கருகுகிறது: 2 குதிரைத்திறன் மோட்டார் மாற்ற வேண்டுமா?

கொடுங்கையூரில் மாடி அறையில் 10 அங்குல டேபிள் சா (மேசையின் நடுவே வட்ட ரம்பம் சுழலும் இயந்திரம்) வைத்திருப்பதாகவும், இடித்த வீட்டிலிருந்து கிடைத்த ஒன்றரை அங்குலத் தேக்குப் பலகைகளை நீளவாக்கில் அறுக்கும்போது ஓரம் கருகி, பாதியிலேயே 1 குதிரைத்திறன் மோட்டார் முனகி நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிளேடு 60 பல் கொண்டது, இயந்திரம் உள்ளூர்ப் பட்டறையில் செய்தது என்பதையும் குறித்திருக்கிறீர்கள். மோட்டாரை இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் பதில்.

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் அளவுச் சோதனைப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். மர வேலை எனக்குப் பொழுதுபோக்கே தவிரப் பிழைப்பு அன்று. சில ஆண்டுகளுக்கு முன் இதே தொல்லை எனக்கும் வந்தபோது, வாழ்நாள் முழுவதும் அளவுகோலும் கையுமாக இருந்தவன் எதையும் அளந்து பார்க்காமல் நேராகப் பிராட்வேக்குப் போய் 2 குதிரைத்திறன் மோட்டாரை வாங்கி வந்தேன். இயந்திரம் நிற்பது குறைந்தது, கருகல் குறையவில்லை. மூன்றாவது நாள் ஒரு பலகை பிளேடில் சிக்கி, என் விலா எலும்பைத் தப்பவிட்டு, பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியில் போய் மோதியது. திராணியற்ற மோட்டார் சிக்கிய பலகையோடு நின்றுவிடும். திராணியுள்ள மோட்டார் அதே பலகையை உங்கள் மேல் எறியும். ஆகவே மரத்தை எது பிடித்து நெரிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் வலிமையைக் கூட்டுவது ஆபத்து.

முதலில் கருகிய பலகைகளை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கைடுக்கும் (பலகையின் ஓரத்தைச் சாய்த்துத் தள்ளும் நேர்ச்சட்டம்) பிளேடுக்கும் நடுவே சென்ற துண்டின் ஓரம் மட்டும் கருகியிருந்தால், கைடின் பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். மறுபக்கம் விழும் துண்டு மட்டும் கருகியிருந்தால் கைடு எதிர்த்திசையில் விலகியிருக்கலாம். இரண்டு துண்டுகளும் ஒரே சீராகக் கருகியிருந்தால் பிளேடின் மீதோ, அறுத்த பிளவு பின்னால் மூடிக்கொள்கிறது என்பதன் மீதோ சந்தேகப்பட வேண்டும். ஆங்காங்கே திட்டுத் திட்டாக இருந்தால், தள்ளும் கையை மாற்றுவதற்காக நீங்கள் நிறுத்திய இடங்கள் அவை.

உங்கள் பிளேடு பெரும்பாலும் பிளைவுட்டுக்கும் குறுக்கு அறுப்புக்கும் ஆனது. நீளவாக்கில் அறுக்கும்போது நீளமான சுருள்களாக மரத்தூள் கிளம்புகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள பள்ளம்தான் அதை வெளியே சுமந்து செல்ல வேண்டும். 60 பல் பிளேடில் அந்தப் பள்ளம் மிகச் சிறியது என்பதால் தூள் அடைத்துக்கொண்டு, வெட்டுவதற்குப் பதிலாக உரசுகிறது. 24 பல் பிளேடு ஒன்றை வாங்குங்கள். அதிலும் அறுப்பகலம் 3.2 மில்லிமீட்டருக்குப் பதிலாக 2.4 மில்லிமீட்டர் உள்ளதாகக் கிடைத்தால், மோட்டார் அகற்ற வேண்டிய மரத்தில் கால் பங்கு குறைந்துவிடும். பழைய பிளேடை எறிந்துவிட வேண்டாம். தேக்கின் எண்ணெய்ப்பசை பற்களின் பக்கவாட்டில் பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும். சலவை சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, உடனே துடைத்து எண்ணெய் பூசினால் சாணை பிடிக்கும் செலவே பல சமயம் மிச்சமாகிறது. காஸ்டிக் சோடா மட்டும் கூடாது; கார்பைடு பற்களையும் அவற்றின் பற்றவைப்பையும் அது கெடுத்துவிடக்கூடும்.

அடுத்து ஆப்பு. காசிமேட்டில் மரப்படகு கட்டிப் பழகிய தச்சர் ஒருவர், என் மாடியில் பலகை பறந்த செய்தி கேட்டு வந்து, இயந்திரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, "இன்னா சார், ஆப்பைக் கயட்டிட்டு அறுக்கிறீங்க?" என்று கேட்டார். பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய ரைவிங் நைஃப் என்னும் தகட்டைத்தான் அவர் சொன்னார். பலகையில் காடி (நீளப் பள்ளம்) எடுப்பதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றிய நான் திரும்ப மாட்டவே இல்லை. ஆளுயர ரம்பத்தை இருவர் இழுத்து மரம் அறுத்த காலத்தில் பிளவு மூடாமலிருக்க ஆப்பு வைத்துக்கொண்டே போவார்கள். இயந்திரத்தில் அந்த வேலையைச் செய்வது இந்தத் தகடுதான். ஆப்பசைத்த குரங்கின் கதி என்ன ஆயிற்று என்று நாம் எல்லோரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். உங்கள் இயந்திரத்தில் அது இல்லையென்றால் செய்வித்துக்கொள்ளுங்கள்: தகட்டின் கனம் பிளேடின் உடல் கனத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவும், பற்கள் வெட்டும் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும், பிளேடின் நேர்க்கோட்டில் அதை ஒட்டி நிற்க வேண்டும். மெல்லிய பிளேடுக்கு மாறினால் தகட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இனி அளவு: மேசையில் உள்ள நீள்பள்ளத்துக்குப் பிளேடு இணையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி உங்கள் கண்ணெதிரே மேசை மேல் வையுங்கள். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, முன்பக்கத்தில் ஒரு பல்லின் மேல் சாக்பீஸால் குறியிடுங்கள். மேசையில் உள்ள நீள்பள்ளத்தில் ஆடாமல் அமரும் ஒரு மரச்சட்டம் இழைத்து, அதன் முனையில் ஒரு திருகாணியைப் பொருத்தி, அதன் தலை அந்தப் பல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி திருகிக்கொள்ளுங்கள். பிறகு அதே பல்லைக் கையால் பின்பக்கத்துக்குச் சுழற்றி, சட்டத்தையும் பின்னுக்கு நகர்த்திப் பாருங்கள். வேறொரு பல்லை அளந்தால் பிளேடின் கோணல் உங்கள் அளவோடு கலந்துவிடும். அதே பல் என்பதுதான் இந்தச் சோதனையின் உயிர். இடைவெளியை ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய தகடுகள்) கொண்டு அளந்தபோது என்னுடையதில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 0.6 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. சிறிய எண்ணாகத் தோன்றலாம்; ஆனால் பிளேடின் பின்பாதி, தான் அறுத்த சுவரையே மீண்டும் உரசிக்கொண்டு ஓட அது போதும்.

பட்டறையில் செய்த இயந்திரங்களில் பிளேடின் தண்டு பொதுவாக இரண்டு பிளம்மர் பிளாக்குகளில் (பேரிங்கைத் தாங்கும் இரும்புக் கட்டைகள்) நிற்கிறது. அவற்றில் ஒன்றின் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டி, மறுபடி அளந்து, இறுக்கிய பின் இன்னொரு முறை அளக்க வேண்டும். இறுக்கும்போதே நகர்ந்துவிடுவது இதன் சுபாவம். பெல்ட் மாட்டிய நிலையில்தான் இறுதி அளவை எடுக்க வேண்டும், ஏனெனில் பெல்ட்டின் இழுப்பு தண்டையே சற்று அசைத்துவிடும். எனக்கு இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது, கீழ்வீட்டுப் பாட்டியின் மதியத் தூக்கத்துக்காக விட்ட இரண்டு மணி நேரம் உட்பட. பிளேடு நேரான பிறகே கைடைத் தொடுங்கள். அதைப் பிளேடுக்கு இணையாக நிறுத்தி, பின்முனையில் மட்டும் ஒரு தாளின் கனம், அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர், விலகியிருக்கும்படி வைத்தால் போதும்.

இயந்திரம் சரியாக இருந்தும் பலகை கோணலாக இருந்தால் எல்லாம் வீண். பழைய வீட்டுத் தேக்கு நன்றாகக் காய்ந்ததுதான். ஆனால் அதன் ஓரம் நேராக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வளைந்த ஓரத்தைக் கைடில் சாய்த்துத் தள்ளினால், பலகை திரும்பத் திரும்பப் பிளேடை நெரிக்கும். ஓர் ஓரத்தை இழைப்புளியால் நேராக்குங்கள், அல்லது நேரான பிளைவுட் பட்டை ஒன்றைப் பலகையின் மேல் திருகி அந்தப் பட்டையைக் கைடோடு ஓடவிடுங்கள். கிண்ணம் போல் குழிந்த பலகையானால் மேசையில் ஆடாத பக்கத்தைக் கீழே வையுங்கள். தலை ஒடிந்த ஆணிகளைத் தேட, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று போதும்.

மின்சாரத்தையும் பார்த்துவிடுவோம். தரைத்தளத்து மீட்டரிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏறும் பழைய கம்பியும், அதன் முனையில் 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் நம் பக்கத்து வீடுகளில் சாதாரணக் காட்சி. என் பிளக்கில், பழைய 1 குதிரைத்திறன் மோட்டார் வெறுமனே ஓடும்போது 226 வோல்ட் இருந்தது. அறுக்கும்போது 201 ஆக இறங்கியது. இத்தகைய மோட்டார்களின் சுழற்றும் விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், 230 வோல்ட்டுக்குப் பதிலாக 200 கிடைத்தால் ஏறத்தாழ முக்கால் பங்கு வலிமைதான் மிஞ்சும். 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 20 மீட்டர் போக, 20 மீட்டர் வரச் சுமார் 0.7 ஓம் தடை இருக்கிறது, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 0.3 ஓம் அளவே. அதே மெல்லிய கம்பியில் 2 குதிரைத்திறன் மோட்டாரை மாட்டினால் அது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து, மின்னழுத்தத்தை இன்னும் கீழே தள்ளும். கம்பியைச் சுருட்டிய நிலையில் பயன்படுத்தவும் வேண்டாம், சூடேறி உருகிவிடும். மோட்டார் நின்றுவிட்டால் அடுத்த நொடியே சுவிட்சை அணையுங்கள், நின்ற மோட்டார் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சுருளைக் கருக்கிக்கொள்ளும்.

உப்புக்காற்றால் வார்ப்பிரும்பு மேசையில் துரு பூத்திருந்தால் அதுவும் பலகையைப் பிடித்து இழுக்கும். மெல்லிய எமரித்தாளால் துடைத்து மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் நான் இதை வாரம் ஒரு முறை செய்கிறேன்.

இவற்றை ஒரே நாளில் சேர்த்துச் செய்யாமல், ஒவ்வொன்றையும் மாற்றிய பின் அதே பலகையில் ஓர் அடி அறுத்துப் பாருங்கள். தள்ளுகட்டை கையில் இருக்கட்டும், பிளேடின் நேர்க்கோட்டில் நிற்க வேண்டாம். எல்லாம் முடிந்தும் ஒன்றரை அங்குலத் தேக்கில் மோட்டார் நின்றால், அப்போது 2 குதிரைத்திறனுக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மோட்டார் கடைக்குப் போவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து, மீட்டரிலிருந்து மாடிவரை அந்தச் சுமைக்கு ஏற்ற தனிக் கம்பியும் எர்த்தும் போட்டுவிடுங்கள்.