அக்கா ஏன் விறாந்தையில் படுக்கிறா?

வணக்கம். எங்கள் ஊர் புதுக்குடியிருப்புப் பக்கம். அக்கா 1974இல் பிறந்தவ, முள்ளிவாய்க்கால் வரை போய்த் தப்பி வந்தவ. இரண்டு வருடங்களுக்கு முன் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்றார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சையும் கீமோவும் முடிந்து, இப்போது நோய் இல்லையாம். ஆனால் அக்கா விறாந்தையில் தனியே படுக்கிறா. அத்தானோடு பேச்சில்லை. இந்த வைகாசி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் வரவில்லை. "தைரியமாய் இருங்கோ" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். என்ன செய்யலாம்?

ஒரு தங்கை

அன்புள்ள தங்கைக்கு,

"தைரியமாய் இருங்கோ" என்பதை இனிச் சொல்லாதீர்கள். கிழமைக்கு ஐந்து நாளாக ஐந்து கிழமை கதிர்ச் சிகிச்சை எடுத்த மனுசிக்குத் தைரியம் குறைவில்லை. கேட்கக் கேட்க, மனம் சோர்வதும் தன் பிழை என்றே நினைப்பா.

என் சின்னம்மாவும் இதே சிகிச்சைக்குப் பிறகு கோயிலுக்குப் போவதை விட்டா. அம்மாளில் கோபம் என்று நாங்களே முடிவெடுத்தோம். ஒன்றரை வருடம் கழித்து எங்கள் குடும்பநல மாதுதான் கேட்டா, "சலம் கசியுதோ?" என்று. சின்னம்மா உடைந்து அழுதா. சிறுநீர் கசிந்து பஸ் சீற் நனைந்துவிடுமோ என்ற பயம், கோயில் வீதியில் ஈரச் சீலையோடு நிற்கும் கூச்சம். இவ்வளவுதான். நாங்கள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

இடுப்படிக்குக் கொடுக்கும் கதிர், சலப்பை, மலக்குடல், யோனி எல்லாவற்றிலும் படுகிறது. சலம் அடக்க முடியாமை, அடிக்கடி வயிற்றோட்டம், யோனி வறண்டு ஒடுங்குதல், உறவின்போது வலி, கால் வீக்கம், தீராத களைப்பு என்று மாதக்கணக்கு கழித்தும் தலைகாட்டலாம். அக்கா விறாந்தைக்குப் போனது வலிக்குப் பயந்தோ படுக்கை நனையும் என்றோ இருக்கலாம். அத்தானும் அவவுக்கு நோகுமோ, தனக்கு ஒட்டுமோ என்று ஒதுங்கியிருக்கலாம். புற்றுநோய் ஒட்டாது; அதை அவருக்கு யாராவது சொல்லவேண்டும். மற்றவற்றுக்கு இடுப்புத் தசைப் பயிற்சி, வறட்சிக்குக் களிம்பு, யோனி ஒடுங்காமலிருக்க விரிப்பான் என்று வழிகள் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

இன்னொன்று. இந்தப் புற்றுநோய் எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது என்றதும் ஊர் இதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடும். உடலுறவு கொண்ட பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் எப்போதாவது தொற்றும் வைரஸ் அது. கணவனை மட்டும் அறிந்தவளுக்கும் வரும். "முந்தியே காட்டியிருக்கலாம்" என்றும் சொல்வார்கள். பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்கில், இந்த நோயை முந்தியே கண்டுபிடிக்கும் பாப் பரிசோதனைக்கு அப்போது அழைத்த வயது 35. உங்கள் அக்காவுக்கு 35 வயது வந்தது 2009இல். அந்த வருடம் பதுங்குகுழியில் கிடந்த பெண்ணிடம் அப்படிக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. அக்கா தன்னையே அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால், இதை அவவிடம் சொல்லுங்கள்.

நித்திரையே இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்கிறா என்றால் நாள் கடத்தவேண்டாம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்தும் பேசலாம்.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். அதற்கு முன் ஒருநாள், அத்தான் இல்லாத நேரம், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது அந்த மாது கேட்டதை நீங்கள் கேளுங்கள். உடனே பதில் வராது. தோய்த்துக்கொண்டே இருங்கள்.