வாங்கினீர்களா, மாட்டினீர்களா? இந்த வாரம்: ரோபோ புல்வெட்டியும் எல்லை வயரும்

எங்கள் வளவில் புல்லு மூன்று பேர்ச்தான். ரோபோ புல்வெட்டி வாங்கலாமா? (உவர்மலை)

வேண்டாம். மூன்று பேர்ச் என்றால் ஏறக்குறைய 76 சதுர மீட்டர். கையால் தள்ளும் வெட்டி போதும்.

விடுதிக்கு ரோபோ வாங்கினோம். ரோபோ புல்தரையைத் தாண்டிப் போகாமலிருக்கச் சுற்றிவரப் போடும் எல்லை வயரைக் கடைக்காரரே 'இலவசமாக' போட்டுத் தந்தார். இரண்டு மாதத்தில் மாரி தொடங்கியதும் ரோபோ நின்றுவிட்டது. 'மெஷினில் பிழையில்லை, வயரை எலி கடித்திருக்கும், அதற்கு வாரண்டி இல்லை' என்கிறார். (உப்புவெளி)

எலி வந்து மறுக்காது என்ற துணிச்சல்தான். வயரை ஒட்டி நடந்து, இணைப்பு எங்கே என்று தேடுங்கள். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தால் பிரித்துப் பாருங்கள். செம்பு பச்சை பூத்து, விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தால் எலியை விட்டுவிடலாம்.

இந்த டேப் விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் உண்டு. சார்ஜ் பெட்டியிலிருந்து புறப்படும் சிக்னல் இந்த வயர் வழியே புல்தரையைச் சுற்றிவந்து அதே பெட்டிக்குள் திரும்பவேண்டும். ஓரிடத்தில் அறுந்தாலும் ரோபோவுக்கு எல்லை தெரியாது, நின்றுவிடும். டேப்புக்குள் ஈரமும் கடற்கரை உப்பும் இறங்கினால் செம்பு எத்தனை நாள் தாங்கும்? இதற்கென்றே ஜெல் நிரப்பிய சின்ன இணைப்பான்கள் விற்கிறார்கள். இலவச வேலை என்றால் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

நானும் ஏமாந்தவன்தான். தோட்ட விளக்குக்குச் செம்பு வயர் என்று ஒரு சுருள் வாங்கிவந்து பிளேடால் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாக இருந்தது, செம்பு பூசிய அலுமினியம். தெரிந்த கடை என்று பில் கேட்கக் கூச்சப்பட்டிருந்தேன். காசு போனதுதான்.

உங்களிடம் பில் இருக்கும் என நம்புகிறேன். இணைப்பைப் படமெடுத்து, வெட்டி ஒரு பையில் போட்டு வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேரவேண்டும். 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான், பிந்தவேண்டாம்.

புல்தரை நடுவில் தென்னை நிற்கிறது. வயரை எப்படிக் கொண்டுபோவது? (அலஸ்தோட்டம்)

அடிமரம் உறுதியாக நின்றால் வயரே தேவையில்லை, ரோபோ முட்டித் திரும்பும். வேர் மேலே கிளம்பியிருந்தால் ஓரத்திலிருந்து வயரை மரத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றி, போன வழியிலேயே ஒட்டினாற்போல் திருப்பிக் கொண்டுவாருங்கள். சேர்ந்து கிடக்கும் இரண்டு வயரின் சிக்னலும் ஒன்றையொன்று அழித்துவிடும். ரோபோ அதைக் கடந்து போகும். ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகக்கூடாது. தேங்காய் விழும் இடத்தில் சார்ஜ் பெட்டியை வைக்காதீர்கள்.

மிச்ச வயரைச் சுருட்டிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். ரோபோ பேய் பிடித்தமாதிரித் திரிகிறது. காசைத் திருப்பிக் கேட்கலாமா? (நிலாவெளி)

கேட்கலாம், கிடைக்காது. சுருள் சிக்னலைக் குழப்பும் என்று கையேட்டில் போட்டிருக்கும். கையேட்டின் உறையையாவது கிழித்தீர்களா? மிச்சத்தை வெட்டிவிடுங்கள்.

வளவுக்குள் மான் வருகிறது. வயரைப் புல்லின் மேலே ஆப்பு அடித்து விடலாமா? (திருகோணமலை நகரம்)

வேறிடம் என்றால் விடலாம், சில வாரத்தில் புல்லே மூடிவிடும். இங்கே அதுவரை மானின் கால் சும்மா இருக்காது. ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் புதையுங்கள். மண்வெட்டியால் ஒரு கீறல், வயரை அழுத்தி, மேலே மிதித்துவிட்டால் சரி.